சொல்லாமல் விற்க மாட்டேன்

அன்புள்ள பிரபு,

நீ அனுப்பிய பவர் பத்திரம் நேற்று கூரியரில் வந்தது. வீட்டை விற்கும் உரிமையை உன் பெயருக்கு எழுதித் தரும் அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடப் போவதும் இல்லை. இதைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே வைத்துவிடுவாய். கொஞ்ச நாளாக நமக்குள் அப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நம் காலனி வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போடுவேன். என்னைப் பற்றி நம் தெருவில் ஏற்கெனவே ஆளுக்கொன்று பேசுகிறார்கள். நடந்ததை என்னிடமிருந்தே தெரிந்துகொள்ளட்டும். உனக்கு இதில் வெட்கமாக இருந்தால் இருக்கட்டும். எனக்கு இல்லை.

குழுவில் படிக்கப்போகிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். போன கோடை விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து நீயும் உன் மனைவி அனுவும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். பெட்டியிலிருந்து சாக்லேட், பாதாம், எனக்கு ஒரு ஸ்வெட்டர் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, கடைசியாகச் சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளை மெஷினை எடுத்தாய். "எங்க வீட்ல வச்சிருந்தது, புதுசு வாங்கிட்டோம். சும்மா உன் ரூம்ல வச்சுப் பாக்கலாம்மா" என்று சொல்லி, கீழ்த்தளத்தில் என் கட்டில் பக்கத்து மேஜையில் வைத்தாய். நான் கடிகாரம் என்று நினைத்தேன். சில நாள் கழித்து அதில் சிவப்பு விளக்கு எரிந்தபோது உன் முகம் மாறியதைப் பார்த்துத்தான் அது கடிகாரம் இல்லை என்று புரிந்தது.

ரேடான் என்ற வார்த்தையை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். பாறையிலும் மண்ணிலும் கொஞ்சமாக இருக்கும் யுரேனியம் சிதைந்து சிதைந்து அந்த வாயு வருகிறது, நிறம் கிடையாது, வாசனை கிடையாது, வெளியே வந்தால் காற்றோடு கலந்து போய்விடும், ஆனால் மூடிக்கிடக்கும் வீட்டுக்குள் தரை விரிசல் வழியாக ஏறினால் அங்கேயே தங்கிவிடும், வருஷக்கணக்காக அதைச் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம் என்று நீ நிதானமாகத்தான் சொன்னாய். சொல்லும்போதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாய். அன்றிலிருந்து ஊருக்குக் கிளம்பும்வரை அவளைக் கீழே படுக்க விடவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு அப்பன் அதைத்தான் செய்ய வேண்டும்.

அந்தக் கீழ் அறை எப்படி அப்படி ஆயிற்று என்று நாம் பேசிப் பேசிக் கண்டுபிடித்ததும் உனக்கு நினைவிருக்கும். முடிச்சூர் சாலையைப் புதிதாகப் போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, நம் தெருவும் உயர்ந்துகொண்டே வந்து, வீடு பள்ளத்தில் போய்விட்டது. பெருவெள்ளத்தில் கீழ்த்தளம் முழுக்க முழுகியது. நீயும் அப்பாவும் டிவியைத் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றினீர்கள், பீரோவைத் தூக்க முடியாமல் விட்டுவிட்டீர்கள். இன்னொரு முறை இந்த வீட்டுக்குள் தண்ணீர் வரக்கூடாது என்று அப்பா வைராக்கியமாக லாரி லாரியாகக் குவாரிக் கல்லும் கிரஷர் தூசியும் கொண்டுவந்து கொட்டி, தரையை என் இடுப்பளவு உயர்த்தினார். அது எந்த மலையை உடைத்த கல் என்று யார் கேட்டோம்? மேலே டைல்ஸ் ஒட்டினார்கள். பிறகு நிரப்பிய கல் அமுங்கி, சுவரும் தரையும் சேரும் இடத்தில் விரல் போகிற அளவுக்கு விட்டுப்போயிற்று. அப்பா மாரடைப்பில் போன பிறகு நான் தனியாக இருக்கிறேன் என்று நீ ஏசி வாங்கி மாட்டினாய். சாலைப் புழுதிக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னல் இடுக்கையெல்லாம் பசை வைத்து அடைத்தாய். வாயு வருவது அந்தக் கல்லிலிருந்தா, அதற்கும் அடியில் இருக்கும் மண்ணிலிருந்தா என்று எனக்குத் தெரியாது. உள்ளே வர வழி இருந்தது, வெளியே போக வழி இல்லை. எல்லாம் என்மேல் இருந்த பாசத்தில் செய்த காரியங்கள்தான்.

நீ ஊருக்குத் திரும்பிய பிறகு தினமும் காலையில் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் மெஷினில் என்ன எண் என்று கேட்டாய். பிறகு வீட்டை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே பத்தாவது மாடியில் ஒரு பிளாட்டுக்குப் போ என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முழங்கால் வலி, தனிமை, உன் கவலை எல்லாவற்றையும் யோசித்து, வந்து பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்றுதான் விட்டேன். புரோக்கர் மணியை நீயே பிடித்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கூட்டிக்கொண்டு வந்தவர்கள்தான் ஷீபாவும் வினோத்தும்.

நீ அவர்களைப் போனில்தான் பார்த்தாய், நான் நேரில் பார்த்தேன். வினோத் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். ஷீபா குரோம்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறாள். இடுப்பில் ஒன்பது பத்து மாதக் குழந்தை. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, மேல என் மாமனார் மாமியார் இருப்பாங்க. இந்த ரூம் எங்களுக்கு. ஏசியும் இருக்கு, பாப்பா நல்லா தூங்குவா" என்று சொல்லிக் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள். அது நேராகத் தவழ்ந்து போய்ச் சுவர் ஓரத்து விரிசலில் விரலை விட்டு நோண்ட ஆரம்பித்தது. நீ மேஜைமேல் சாய்த்து வைத்திருந்த போனில் வீடியோவில் இருந்தாய். "ஸ்டேஷன் பக்கத்துலதான் சார், தண்ணிப் பிரச்சினை இல்ல சார்" என்று வினோத்திடம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாய்.

நான் குழந்தையைத் தூக்கி ஷீபாவிடம் கொடுத்தேன். "அம்மா ஷீபா, வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம். ஆனா இந்த ரூம்ல ரேடான்னு ஒரு வாயு அளவுக்கு மேல இருக்கு. தரை வழியா வருது. இதோ இந்த மெஷின் காட்டுது பாருங்க" என்று சொன்னேன். வினோத் மெஷினையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். "சார், உங்களுக்கு இது தெரியுமா?" என்று உன்னைக் கேட்டான். திரை அணைந்துபோயிற்று. நெட் போய்விட்டது என்று நான் அவர்களிடம் சாக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பொய்.

அவர்கள் மரியாதையாகவே எழுந்து போனார்கள். மணிதான் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னாம்மா நீ, பார்ட்டி அட்வான்ஸ் குடுக்கற நேரத்துல இப்டி பேஜார் பண்ணிட்டியே. கண்ணுக்குத் தெரியாத காத்துக்கு யாருனா கணக்கு சொல்வாங்களா?" என்று கத்தினார். சாயங்காலம் நீ கூப்பிட்டாய். என்ன சொன்னாய் என்பதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அந்த ஊர்ல யாருக்கும் அந்த வார்த்தையே தெரியாதும்மா. சொல்லணும்னு சட்டமா இருக்கு? சொன்னா யாரும்மா வாங்குவாங்க?"

சொன்னால் யார் வாங்குவார்கள். பிரபு, இந்தக் கேள்வியை நான் இதற்கு முன்னாலும் ஒருமுறை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அஸ்தினாபுரத்தில் நாம் வாடகைக்கு இருந்த வீடு உனக்கு நினைவிருக்கிறதா? பின்பக்கம் கிணறு, சப்போட்டா மரம். நீ எட்டாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் விழுந்தாய். கண் மஞ்சளாகி, சோற்றைப் பார்த்தாலே குமட்டி, விலா எலும்பை எண்ணுகிற மாதிரி ஆகிவிட்டாய். அந்த வருஷப் பரீட்சையே போயிற்று. நான் சம்பளமில்லாத லீவு போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டம்மா கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "உங்களுக்கு முன்னாடி குடியிருந்தவங்க பொண்ணுக்கும் இதேதாங்க. செப்டிக் டேங்க் தண்ணி கிணத்துல கலக்குது. ஓனருக்குத் தெரியுமே!" நான் அப்படியே எழுந்து வீட்டுக்காரரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. பொங்கலுக்கு நமக்குக் கரும்பு கொடுப்பார், உனக்குப் பேனா வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சொன்னா யாரும்மா குடி வருவாங்க?" என்றார். உன்னை மாதிரியேதான் கேட்டார். எனக்கு அன்றைக்கு அழுகைகூட வரவில்லை. அந்த மனிதர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் என்னால் ஒருநாளும் உட்கார முடியாது. நீயே சொன்னாலும் முடியாது.

அப்புறம் உன் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அங்கே நீ வீடு வாங்கியபோது எனக்குப் போன் செய்து எவ்வளவு பெருமையாகப் பேசினாய்! வீட்டை விற்றவர் ரேடான் சோதனை முடிவை மறைக்காமல் உன் கையில் கொடுத்தார். எண் கூடுதலாக இருந்தது. சரிசெய்து தந்தால்தான் வாங்குவேன் என்று நீ நின்றாய். தரைக்கு அடியிலிருந்து கூரைவரை ஒரு வெள்ளைக் குழாய் போட்டு, விசிறி வைத்துத் தந்தார்கள். "இங்கல்லாம் மனுஷன் உயிருக்கு மதிப்பு இருக்கும்மா" என்றாய். குழந்தை விளையாடும் அறை அந்த வீட்டின் அடித்தளத்தில்தானே இருக்கிறது? முன்பின் தெரியாத ஒருவர் சொன்னதால்தானே நீ இன்றைக்குக் கவலையில்லாமல் அவளை அங்கே விளையாட விடுகிறாய்? அங்கே உன் பெண்ணுக்கு ஒரு நியாயம், முடிச்சூரில் ஷீபாவின் பெண்ணுக்கு ஒரு நியாயமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் எனக்குப் புத்தி கெட்டுப்போயிற்றா என்று கேள்.

நான் ரயில்வே முன்பதிவுக் கவுன்டரில் காலம் தள்ளியவள். தீபாவளிக்கு ஊருக்குப் போக விடிவதற்கு முன்பே வந்து வரிசையில் நின்றவர்களிடம், முகத்தைப் பார்த்து, இடம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். திட்டுவார்கள், கண்ணாடியைத் தட்டுவார்கள். ஆனாலும் இல்லாத இடத்தை இருக்கிறது என்று சொல்லி யாரையும் நடைமேடைக்கு அனுப்பியதில்லை. அப்பாவின் பழைய ஸ்கூட்டரை விற்கும்போது எஞ்சின் புகை தள்ளும் என்று வாங்க வந்தவரிடம் நான் சொன்னதும், நீயும் அப்பாவும் தலையில் அடித்துக்கொண்டீர்கள். "அம்மா இன்னும் கவுன்டர்லயே உக்காந்திருக்கா" என்று சிரித்தாய். ஆமாம், அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். சிரித்துக்கொள்.

மணி சும்மா இருக்கவில்லை. டீக்கடையில் அந்த வாயுவை வைத்து நம் வீட்டுக்குக் "கேஸ் வூடு" என்று பெயர் வைத்தார். ஒரு வாரத்தில் காலனி சங்கச் செயலாளர் வெங்கடேசன் சார் வந்துவிட்டார். சோபாவில் உட்காராமல் வாசலிலேயே நின்றார், உள்ளே வந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ. "மேடம், நம்ம காலனி பேரே கெட்டுப்போகுது. ரெண்டு பேர் வீட்டை விக்கப் பாத்துட்டிருக்காங்க. நீங்க சொன்னது தப்புன்னு குரூப்ல ஒரு மெசேஜ் போட்டுடுங்க, விஷயம் முடிஞ்சுடும்" என்றார். "தப்புன்னா போடறேன் சார். மெஷினை எடுத்துட்டு வரேன், உங்க வீட்லயும் வச்சுப் பாக்கலாம். கம்மியா இருந்தா அதையும் நானே போடறேன்" என்றேன். அவசரமாகக் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு வந்த கோபத்தில்தான் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். முதலில் எதிர் வீட்டு லில்லி. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், எதற்கும் பயப்பட மாட்டாள். அவள் கீழ் அறையில் வைத்தோம். எண் மிகக் குறைவு. அவள் தரையை நிரப்பவில்லை, ஏசி இல்லை, ஜன்னலை மழைக்குக்கூடச் சாத்த மாட்டாள். "கொசு கடிச்சாலும் கடிக்கட்டும், எனக்குக் காத்து வேணும்னு சொல்வேனே, பாத்தியா?" என்று துள்ளினாள். பிறகு கேட்டவர்கள் வீட்டிலெல்லாம் வைத்தேன். பெரும்பாலான வீடுகளில் பயப்பட ஒன்றுமில்லை. நம்மைப் போல வெள்ளத்துக்குப் பிறகு கல் கொட்டித் தரையை உயர்த்தி, அறையை அடைத்து வைத்த ஒன்றிரண்டு வீடுகளில் சிவப்பு எரிந்தது. ஆகவே காலனி முழுக்க விஷம் என்று பேசுகிறவர்களும் பொய் சொல்கிறார்கள், ஒன்றுமே இல்லை என்று பேசுகிறவர்களும் பொய் சொல்கிறார்கள். வைத்துப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவுதான்.

சங்கக் கூட்டத்தில், இனி வீடு வீடாக இந்த மாதிரிச் சோதனை செய்யக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் கை தூக்கினார்கள். லில்லி தூக்கவில்லை. நான் எழுந்து, "தீர்மானம் போட்டுக்கோங்க. யாராவது கேட்டா நான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு நாள் கழித்து, அந்தக் கூட்டத்தில் கை தூக்கிய ஒரு வீட்டிலிருந்து அந்த வீட்டம்மா பூக்கூடையோடு வந்தாள். "அவருக்குத் தெரிய வேணாங்க, பேரன் கீழதான் படுக்கறான்" என்று சொல்லி மெஷினைக் கூடைக்குள் வைத்துப் பூவால் மூடி எடுத்துப் போனாள். எந்த வீடு என்று எழுத மாட்டேன். அந்த வீட்டில் இப்போது காலையில் எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறது. அது போதும்.

நம் வீட்டையும் நான் அப்படியே விட்டுவைக்கவில்லை. உன் வீட்டுக் குழாயின் படத்தை அனுப்பச் சொல்லி உனக்கு மூன்று முறை எழுதினேன், நீ பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை. அனுதான் அனுப்பினாள். அவளைத் திட்டாதே. நம் தெரு பிளம்பர் பாஸ்கரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். அறை மூலையில் தரையைத் துளைத்து, கல் இருக்கும் ஆழம்வரை குழாயை இறக்கி, சுவரோரமாக மொட்டை மாடிக்கு மேலே ஏற்றி, நடுவில் இழுக்கிற விசிறி ஒன்றை வைக்க வேண்டும். பாஸ்கர் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "இன்னாம்மா, தரைக்கு மூக்கு வெக்கிறியா?" என்றான். "ஆமாம்பா, அது மூச்சை மேல போய் விடட்டும், என் ரூம்ல விட வேணாம்" என்றேன். முதல் முறை சரியாக வரவில்லை. விசிறி சின்னது, எண் கொஞ்சம்தான் இறங்கியது. பெரிதாக மாற்றினோம். சுவரோர விரிசலை எல்லாம் சுரண்டி அடைத்தோம். நீ ஒட்டிய ஜன்னல் பசையைக் கத்தியால் கிழித்து எடுத்துவிட்டு, கொசுவலை அடித்தேன். பிறகு நாள்கள் போகப் போக எண் இறங்கி, சிவப்பு போய், பச்சை வந்தது. பூஜ்யம் ஆகவில்லை. எங்கேயும் பூஜ்யம் ஆகாதாம், நீதானே சொன்னாய். நான் அந்த அறையில்தான் படுக்கிறேன். பத்தாவது மாடிக்கு நான் வரவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நீ பயந்துபோய் அப்படிப் பேசினாய் என்பதும் தெரியும். அம்மாவை அந்த அறையிலிருந்து எப்படியாவது வெளியே எடுத்துவிட வேண்டும் என்று பதறினாய். அந்தப் பதற்றத்தில் நான் எழுந்த இடத்தில் இன்னொருத்தியைப் படுக்க வைக்கப் பார்த்தாய். நாளைக்கு உன் பெண் வளர்ந்து எங்கேயோ ஒரு வீடு வாங்கப் போவாள். அந்த வீட்டுக்காரர் அவளிடம் வாயைத் திறக்க வேண்டும் என்று நீ ஆசைப்படுவாய் அல்லவா? அதற்கு யாராவது எங்கேயாவது வாயைத் திறந்துகொண்டே இருக்க வேண்டும். நம் தெருவில் அது நான்.

போன சனிக்கிழமை ஷீபா வந்திருந்தாள், தனியாக, குழந்தையோடு. குழாயைப் பற்றி லில்லி மூலம் கேள்விப்பட்டாளாம். அறையைச் சுற்றிப் பார்த்தாள், மெஷினைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இப்ப விக்கறீங்களா ஆன்ட்டி? நாங்க வாங்கிக்கறோம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விக்கலம்மா. இவ்வளவு சண்டை போட்டுச் சரிபண்ணிட்டு நான் எங்க போறது?" என்றேன். அவளும் சிரித்தாள். இன்னும் வீடு தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், சேலையூர், பெருங்களத்தூர் என்று பார்க்கிறார்களாம். கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஆன்ட்டி, பாக்கப் போற வீட்லலாம் சாவி வாங்கி நாலு நாள் இதை வச்சுப் பாத்தா, புரோக்கருங்க கோச்சுப்பாங்களா?"

"கோச்சுக்கட்டும்" என்று சொல்லி, சார்ஜரோடு சேர்த்து மெஷினை அவள் பையில் போட்டுக் கொடுத்தேன். எப்போது திருப்பித் தருவாள் என்று கேட்கவில்லை. இதற்குள் மணியே வேறு தெருவிலிருந்து ஆள் அனுப்பி, மெஷின் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டார். அதனால் டிசம்பரில் வரும்போது எனக்கு ஸ்வெட்டர் வேண்டாம், பாதாமும் வேண்டாம். அந்த வெள்ளை டப்பா இன்னும் மூன்று நான்கு வாங்கி வா. கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு மனசில்லை.

உன் அம்மா